நீ மறுத்து எழுதிய பதில்

இன்று மாலை இணைய வகுப்பைத் தொடங்கும்போது காற்று திரும்பி, ரசாயனக் கம்பெனி நெடி அறைக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். முன்பெல்லாம் இந்த நேரத்தில் நெட்டுக்குப்பத்திலிருந்து நீ சாட்டில் கேட்பாய்: "யக்கா, ராயபுரத்துலயும் நாறுதா?"

நான் இப்போது தொலைதூரக் கல்வி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். விவாதப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டால், "நானும் இதையே நினைக்கிறேன்" என்று வரிசையாகப் பதில் வருகிறது. படித்துப் படித்து அலுத்துவிட்டது.

நாம் இருவரும் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்த புதிதில் நீயும் எதையும் மறுக்காமல்தான் இருந்தாய். கேண்டீனில் பில் போடும் வேலை முடிந்து வந்து, கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் வாய் திறந்தாய். "எங்க ஏரியால பொம்பளைங்க வேலைக்குப் போய்கினுதான் கீறாங்கோ" என்றதும் யாரோ சிரித்தார்கள். "வகுப்பில் நல்ல தமிழில் பேசலாமே" என்று இன்னொருவர் சாட்டில் எழுதினார். நீ வெளியேறிவிட்டாய்.

போன் செய்தேன். "வுட்டுடு யக்கா. நான் இன்னா படிச்சவளா?" என்றாய்.

"படிச்சிகினுதானே கீற" என்றேன், உன் பேச்சிலேயே. நீ சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் உன் பெயர் திரையில் இல்லை. பிறகு விவாதப் பக்கத்தில் ஒரு பதில் எழுதினாய், எனக்குத்தான். கடலோரப் பெண்கள் வறுமையால்தான் வேலைக்குப் போகிறார்கள் என்று நான் எழுதியிருந்தேன். "இதை மறுக்கிறேன்" என்று தொடங்கியிருந்தாய். "கஷ்டத்துக்குத்தான் போனேன். கஷ்டம் தீர்ந்தப்பறமும் போய்கினுதான் கீறேன். அது ஏன்னு பாடத்துல இல்ல. அதைத்தான் நான் படிக்கப்போறேன்."

எல்லோரும் பார்க்கும் இடத்தில், அக்கா என்றும் பாராமல்! எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பதில் எழுதினேன். நீ மறுபடி மறுத்தாய். அன்று சிரித்தவர்கள்கூட அந்த வாதத்துக்குள் வந்தார்கள். வகுப்புத் தளத்தில் உன் அறிமுகத்தில் "கேண்டீன் வேலை" என்றிருந்ததற்குப் பக்கத்தில் "சமூகவியல் மாணவி" என்று சேர்த்தாய். "சும்மா போட்டுப் பார்த்தேன் யக்கா" என்று வெட்கப்பட்டாய்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. வகுப்புக் குழுவில் கைகூப்பும் படங்களாக வந்தன. உன் வீட்டுக்கு நான் முதன்முதலாக வந்தது அன்றுதான்.

"அவ கூட சண்ட போட்டுகினே இருப்பீங்களே, அந்த அக்காவா?" என்று உன் கணவர் கேட்டார்.

தலையசைத்தேன்.

"அந்தச் சண்டைக்குத்தான் சீக்கிரமா வூட்டுக்கு வருவா" என்றார்.

இன்றும் என் மாணவர்களுக்கு, "எங்கே ஒத்துப்போகவில்லையோ, அதை எழுதுங்கள்" என்று போட்டேன். மறுத்து ஒரு பதிலும் வரவில்லை. பெரும்பாலும் வருவதில்லை. களைப்பாக இருக்கிறது. என்னை மறுக்க இப்போது யாருமில்லை. அதனால் எதை எழுதினாலும், நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று தோன்றும் ஒரு வரியையாவது நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.