கருமந்திகளுக்குத் தெரிந்த நடை

சேசு மரி சூசை துணை

மேல்காட்டு ஆராய்ச்சி நிலையம்,
நானுஓயா.
8 மார்ச் 1964

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு லூர்தம்மா எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகம். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இருமல் குறைந்து சோறு இறங்குகிறது என்று படித்ததும், மாதா படத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். கடிதத்தின் கடைசியில், "நான் வரும்வரைக்கும் நிலையத்து வேலையில் என் இடத்தைப் பிடித்துக்கொள், வேறு ஆள் வந்துவிட்டால் போச்சு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், படுத்துக்கொண்டே படியுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் விடியும் முன்பே தப்பு அடிப்பார்கள், நாம் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுவோம், இன்றைக்கு எந்த மலை என்று கங்காணி சொல்வார். இங்கே வந்த முதல் நாள் நான் தானாகவே விழித்து, கம்பளியைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். புல்லெல்லாம் உறைபனி. வெகுநேரம் கழித்து, மந்திகளை ஆராயும் நம் ஞானரட்ணம் ஐயா பல் துலக்கியபடி வந்தார். "என்ன தங்கச்சி, ஏன் இதில நிக்கிறீர்?" என்று கேட்டார். "பெரட்டுக்குங்க ஐயா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த நுரை சட்டையெல்லாம் தெறித்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நல்லமுத்து அண்ணன், "நீ ஒருத்தி, ஒனக்கு ஒரு பெரட்டா? பேரு கூப்புட கங்காணியையும் கையோட கூட்டியாந்திருக்கலாம்ல" என்றார். இப்போது எனக்கு ஆண் மந்தி கத்துவதுதான் தப்புச் சத்தம். அது மரத்து உச்சியில் தொண்டையைத் திறந்தால் நான் எழுந்துவிடுவேன்.

காலையில் மழைமானியைப் பார்க்கிறேன். ஐயா கொண்டுவரும் காட்டு இலைகளைப் பழைய பேப்பரில் வைத்து அடுப்புக்கு மேலே காயவைக்கிறேன். நனைந்த கால் சப்பாத்துகளும் அங்கேதான் தொங்குகின்றன. அதனால் நல்லமுத்து அண்ணனின் பருப்பில் ஒருநாள் இலை வாசம், மறுநாள் சப்பாத்து வாசம். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்குகிறேன், அப்படியும் அட்டை கடிக்காமல் விடுவதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு கருமந்திகள் மனிதரைக் கண்டாலே ஓட ஆரம்பித்துவிட்டன. கிட்டப் போய்ப் பார்க்க முடியாத மந்திக்கு ஒரு நிலையம் எதற்கு, மூடிவிடலாம் என்று கொழும்பில் பேச்சு வந்துவிட்டது. மூடினால் உங்கள் இடமும் இல்லை. படுக்கையில் இருப்பவருக்கு எதற்கு என்று ஐயாவும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

நல்லமுத்து அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: "அதுகளுக்கு மதலமுத்து தம்பியோட கம்பளியத்தாங்க தெரியும்." நோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபடி உங்கள் கம்பளியை நான் எரித்துவிட்டேன் என்றதும் ஐயாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கடையில் புதுக் கம்பளி வாங்கி, தலை முதல் முழங்கால் வரை மூடிக்கொண்டு புறப்பட்டார். "பேய் ஓட்டப் போறீங்களா ஐயா, இல்ல பேயாவே போறீங்களா?" என்று அண்ணன் கேட்டார். மந்திகள் குரைத்து, மேலிருந்து மூத்திரத்தைப் பெய்துவிட்டு ஓடின.

மதியச் சாப்பாட்டுக்கு ஐயா வரவில்லை. தூறலில் என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோற்றை எடுத்துப் போனேன். அவர் பள்ளத்தில் ஒரு மரத்தடியில் ஈரமாக உட்கார்ந்திருந்தார். நான் சரிவில் நேராக இறங்கவில்லை. தோட்டத்துப் பழக்கம் போகுமா? தேயிலை நிரை பிடித்த மாதிரி குறுக்காக, தலையைக் குனிந்து, போகிற வழியில் செடி நுனிகளைக் கிள்ளிக்கொண்டே போனேன். ஐயா திடீரென்று வாயில் விரலை வைத்தார். நிமிர்ந்தால், என் தலைக்கு மேலே மந்திக் கூட்டம் இலை தின்றுகொண்டிருக்கிறது. என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை!

"மதலைமுத்துவும் உப்பிடித்தான் நடக்கிறவன்" என்று ஐயா மெதுவாகச் சொன்னார். "கம்பளி இல்லை, தங்கச்சி. நடை." நேராக வருகிறவன் அவற்றுக்குச் சிறுத்தை மாதிரி, குனிந்து மேய்கிறவன் மரைமான் மாதிரி என்று பிறகு விளக்கினார். தோட்டத்தில் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் நடந்த நடையையே நீங்கள் காட்டிலும் நடந்திருக்கிறீர்கள் மச்சான். நீங்கள் அறியாமலே ஒரு கூட்டத்தின் பயத்தைப் போக்கியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஐயாவின் சோறு ஆறிப்போனது, எனக்குப் பெருமையில் பசியே இல்லை.

போன வாரம் கொழும்பு அதிகாரி வந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார், பளபளக்கிற சப்பாத்து. நான் முன்னே, அவர் நடுவே, ஐயா பின்னே. "மேல பாக்காதீங்க தொரை, கொழுந்து எடுங்க" என்றேன். பாவம், எடுத்தார். பள்ளத்தை அடைந்தபோது ஒரு தாய் மந்தி, வெளிர் மயிரோடு பிறந்த குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, தாழ்ந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தது. "ஹரி ஷோக், ஹரி ஷோக்" என்று அவர் சிங்களத்தில் மூச்சுக்குள்ளேயே வியந்தார். திரும்பி வந்ததும் இரண்டு கை நிறைய இலையைக் காட்டி, இதை எங்கே நிறுப்பது என்று கேட்டார். நிலையத்தை மூட மாட்டார்கள் மச்சான்.

பிறகு அவர் என் பெயரைக் கேட்டார், இந்த வேலைக்கு நிரந்தரமாகப் பதிவதற்கு. "அது எங்க வீட்டுக்காரரோட எடங்க" என்றேன். அதிகாரி போன பிறகு, ஐயா குசினி அடுப்பருகே உட்கார்ந்து சொன்னார். ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் அவரிடம் பேசினாராம். நோய் குணமாகிவிடும், ஆனால் இந்த நெஞ்சோடு பனியில் மலை ஏறக் கூடாது, அதை உங்களிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னாராம்.

நீங்கள் அதை எனக்கு எழுதவில்லை. கோபம் இல்லை. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

நல்லமுத்து அண்ணன் சித்திரையில் மகளிடம் அட்டனுக்கே போய்விடுகிறார். குசினியில் எப்போதும் சூடு, ஈரம் வராது. என் குழம்பில் உப்பு இல்லை, புளி இல்லை என்று கல்யாணமான நாள் முதல் சொல்லிவந்த ஆளுக்கு அங்கே சமைக்க இடம் இருக்கிறது. ஐயாவுக்கும் சம்மதம், சப்பாத்து வாசம் போனால் போதும் என்கிறார். அதிகாரிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் இடத்தில் என் பெயரை எழுத மாட்டேன்.

மந்தி கத்தியதும் நான் புறப்பட வேண்டும். இத்தனை வருஷமும் உங்களுக்குத் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நீங்கள் வளைவு திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தவள் நான். எனக்கும் அப்படி ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. மாதா உங்களைச் சுகமாகக் கூட்டி வரட்டும். ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள் மச்சான்.

உங்கள் நடையை நடக்கும்,
லூர்தம்மா