நாண் படும் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் அத்தான் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நானும் மழையா, வெயிலா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் இதை நீ வேலை பார்க்கும் பல் கிளினிக் முகவரிக்கு அனுப்புகிறேன். டாக்டரம்மாவிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். கவரைப் பிரிக்காமல் உன் கையில் தருவதாகச் சொன்னார். படித்ததும் அங்கேயே கிழித்துப் போட்டுவிடு.

இங்கே மூவரும் சுகம். பட்டறையில் வெல்டிங் பொறி பட்டு அப்பாவுக்குக் கண் சிவந்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது. கண்ணாடி போடுங்கள் என்றால், போட்டால் வேலை தெரியவில்லை என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாய் வலி இல்லை.

இன்னொரு செய்தி. நான் ஒரு வில் வாங்கியிருக்கிறேன். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராதவள் வில் வாங்கினாளா என்று நீ சிரிப்பாய். கடைக்கார அம்மாவும் அப்படித்தான் பார்த்தார். "யாருக்கு, தம்பிக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். தோல் சுற்றி வளைந்திருந்த ஒன்று அழகாக இருந்தது, அதைத் தொட்டேன். "அது குதிரை மேல உக்காந்து விடுறவங்களுக்கு. நீ எதுல வந்தே?" என்றார். பஸ்ஸில் என்றேன். "முதல் வில்லு முதல் செருப்பு மாதிரிம்மா. அழகா இருக்குன்னு வாங்குனா கடிக்கும். ஆம்பளைங்க வந்து எடுத்ததும் அம்பது பவுண்டு பலத்துல இழுக்குற வில்லு கேப்பாங்க, பத்தே நாள்ல தோளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. உனக்கு இருபத்தஞ்சு போதும்."

கடைசியில் மூன்று துண்டாகக் கழற்றும் மர வில்லைக் கொடுத்தார். பலம் கூடினால் மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். இருந்ததிலேயே விலை குறைந்த மர வில் அதுதான், அதற்கே என் பாதிச் சம்பளம் போய்விட்டது. முழங்கைக்குக் கீழே கட்டிக்கொள்ளும் தோல் காப்பையும் எடுத்து வைத்தார். அது வேண்டாம் என்றேன். "நாணு தோலை உரிச்சிரும்" என்றார். பரவாயில்லை என்றேன். பைத்தியமா என்பதுபோல் பார்த்தார்.

அது உரிக்க வேண்டும் என்றுதான் அக்கா நான் வில்லே வாங்கினேன்.

ஆறு வாரத்துக்கு முன் உன் வீட்டில் நான்கு நாள் இருந்தேனே, அப்போது உன் வலது கையில் அடிபட்ட தடத்தைப் பார்த்தேன். அத்தான் வில் சொல்லிக் கொடுத்தார், நாண் தட்டிவிட்டது என்றாய். அம்மாவிடமும் அதையே சொன்னாய். அப்பா பட்டறை முழுக்க, "எங்க மாப்பிள்ளை பொண்டாட்டிக்கு வில்லு கத்துக்குடுக்கிறாரு" என்று பெருமையடித்தார். நம் குடும்பத்தில் யார் வில்லைத் தொட்டிருக்கிறோம்? நீ சொன்னதுதான் எங்களுக்கு வேதம்.

என் வேலை உனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீஸில் நாளெல்லாம் இடிபட்ட வண்டிகளின் படத்தைப் பார்க்கிறேன். சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் சொன்னார்: "கதையைக் கேக்காதே, வண்டியில விழுந்த பள்ளத்தைப் பாரு."

பட்டறைக்குப் பின்னால் மண்மேட்டில் சாக்கு மூட்டை வைத்து மூன்று நாள் விட்டேன், ஒரு நாளைக்கு நாற்பது அம்பு. வலது கையால் நாணை இழுக்கிறவளுக்கு வில் இடது கையில் இருக்கும். என் இடது கையில் முழங்கைக்குக் கீழே உள்பக்கம் முழுக்கக் கன்றி, கத்திரிக்காய் நிறமாகி, ஓரிடத்தில் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். பிறகு கடையில் கேட்டு, இடக்கைக்காரர் வில் ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி வலது கையிலும் அடி வாங்கிப் பார்த்தேன். அங்கேயும் உள்பக்கம்தான். எப்படித் திரும்பி நின்றாலும் வெளிப்பக்கத்தில் நாண் படவில்லை.

உனக்கு வலது கை, வெளிப்பக்கம், மூன்று பட்டை, இரண்டு விரல் அகலம். ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. என் வில்லின் மேல் துண்டை அளந்தேன். அதுவும் இரண்டு விரல் அகலம்தான். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் அடி எங்கே விழுமோ, அங்கே விழுந்திருக்கிறது. கடைக்கார அம்மாவிடம் வெளிப்பக்கம் அடிபடுமா என்று மட்டும் கேட்டேன். "வில்லாலயே யாராவது சாத்துனாத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நீ நாணை நொந்துகொண்டிருக்கிறாய்.

ஸ்டோர் ரூம் கதவையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் பின்புறத்தில் அம்பு வைக்கோலில் விழும் சத்தம் பொத் பொத்தென்று கேட்கும். அன்று வீட்டுக்குள்ளிருந்து டக்கென்று கேட்டது. மூன்று தடவை. நான் கீழே வரவில்லை அக்கா. மிச்சத் துணிக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது நீ மரச்சிராயைப் பெருக்கிக்கொண்டிருந்தாய். "கதவுல பூச்சி அரிச்சிருக்குடி" என்றாய். உன் உதடு வெளுத்திருந்தது.

பட்டறையில் கிடந்த பழைய பிளைவுட் கதவில் விட்டுப் பார்த்தேன். என் வில்லுக்கே முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அத்தான் வில்லின் பலம் இதைப்போல இரண்டு மடங்கு. பென்சில் நுழையும் அதே உருண்டை ஓட்டை. உன் கதவில் ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பு, ஒன்று கழுத்து. கதவுக்குப் பின்னால் நீ நின்றாயா, உட்கார்ந்திருந்தாயா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் அவனை அத்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மாவிடம் லேசாகப் பேச்செடுத்தேன். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினாள். நான் சட்டைக் கையைச் சுருட்டி என் காயத்தைக் காட்டினேன். "ஐயோ, உன்னையும் யாருடி" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். உன்னையும் என்றாள் அக்கா. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை.

சோதித்து முடித்த பிறகும் நான் வில்லை நிறுத்தவில்லை. சாக்கை மண்மேட்டின் மேல் ஏற்றிக் கட்டியிருக்கிறேன். ஏன் அந்த உயரத்தில் கட்டினேன் என்று நேற்றுதான் புரிந்தது. அவன் தொண்டை அந்த உயரத்தில்தான் இருக்கும். ஒன்பது அம்பு விட்டேன். ஏழு ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நின்றன. பில் கவுண்டரில் நிற்கும்போதுகூட நடுங்குகிற என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஆபீஸுக்குப் பக்கத்தில் மாடி அறை ஒன்று எடுத்திருக்கிறேன். சாவி என்னிடம் மட்டும்தான். அப்பா வீட்டுக்கு உன்னைக் கூட்டிப் போகமாட்டேன், அவர் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிளினிக்கின் பின்வாசலில் நிற்பேன். டாக்டரம்மாவுக்குத் தெரியும். துணிமணி எடுக்கிறேன் என்று வீட்டுக்குப் போகாதே. போட்டிருக்கிற துணியோடு வா, என்னுடையது உனக்குச் சரியாக இருக்கும்.

வில்லைப் பட்டறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். ஆனால் அன்று நீ வெளியே வராவிட்டால் அடுத்த முறை நான் அந்த வீட்டுக்கே வர வேண்டியிருக்கும். வெறுங்கையோடு வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. என்னை அங்கே வரவழைத்துவிடாதே. பின்வாசலுக்கு வந்துவிடு அக்கா.

உன் தங்கை