நெய் மிதந்த பீர்

சாலை, திருவனந்தபுரம்
12 மே 2024

அன்புள்ள கிரீஷ்,

போனில் பேசினால் ரெண்டு நிமிஷத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதான் எழுதுகிறேன். காகிதத்தில் கத்த முடியாதில்லையா.

என்கூட பேங்கில் வேலை பார்த்த ஆர்ஷா, வீட்டுக்காரரோடு இருக்க லீட்ஸுக்கு வருகிறாள். அவள் கையில் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறேன். பலாச்சுளையை வெல்லத்தோடு சேர்த்து அம்மை கடைசியாகக் கிண்டிய சக்கை வரட்டி. போன வருஷம் சக்கைக் காலத்தில், நெஞ்சுவலி தொடங்குவதற்கு முன்னால், உருளியை அடுப்பில் ஏற்றி நாலு மணி நேரம் நின்று கிண்டினாள். துடுப்பை நான் வாங்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். "நீ அடி பிடிக்க விட்டுருவே." ரெண்டு பாட்டில் மிச்சம் இருந்தது. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. ஒரேயடியாகத் தின்று தீர்க்காதே.

அவள் போய் ஏழு மாசம் ஆச்சு. நீ வராததைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பாஸ்போர்ட் விசா ஆபீஸில் மாட்டிக்கொண்டது என்று சொன்னாய். சரி. அத்தான் உன்னை விசாரித்தார்.

உன் அக்கா
நீது

லீட்ஸ்
16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ், அம்மை அடுக்களையில் உட்கார வைத்துச் சொல்லித் தந்த அளவுதான்.

வரட்டி வந்து சேர்ந்தது. கூடவே ஒரு விசேஷம். நான் வீட்டில் பீர் காய்ச்சுகிறேன்! பயப்படாதே, இங்கே அது குற்றமில்லை. வாளி, மால்ட் பாகு, ஈஸ்ட் எல்லாம் ஒரே பெட்டியில் விற்கிறார்கள். பத்து பாட்டில் வரும். இதுதான் என் முதல் தடவை. ஒரு வாரம் வாளி மூடியில் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருக்கிறதே.

முதல் நுரை பொங்கி அடங்கின பிறகு பழம் போடு, அப்போதுதான் மணம் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னார். இங்கே ராஸ்பெரி போடுவார்கள். நான் என்ன போட்டேன் சொல்லு? அம்மையுடைய வரட்டி. முழு பாட்டிலும். அதுவும் பழம்தானே! பத்து பாட்டிலிலும் 'முத்தாரம்மாள்' என்று அம்மை பேரை எழுதி ஒட்டப் போகிறேன். அம்மை இருந்திருந்தால் "சாராயம் காய்ச்சத்தான் சீமைக்குப் போனியா" என்று துடுப்பைத் தூக்கியிருப்பாள்.

அன்புடன்
கிரீஷ்

சாலை
7 ஜூலை 2024

கிரீஷ்,

உனக்குக் கொஞ்சமாவது புத்தி உண்டாடே? வரட்டியில் சக்கை மட்டுமா இருக்கு? அரைக் கிலோ நெய்யல்லவா அம்மை ஊற்றினாள்! எனக்கு பீர் தெரியாது. பாத்திரம் கழுவத் தெரியும். நெய் பட்ட இடத்தில் நுரை நிற்காது, பாத்துக்க.

அது நாசமாய்ப் போகட்டும். ஒரு ஸ்பூன் தின்று பார்த்தாயா? தின்றதாக ஒரு வரிகூட எழுதவில்லையே. பெற்றவள் கடைசியாகக் கிண்டினதைக் கொண்டுபோய் வாளியில் கொட்டியிருக்கிறாய். "விடு, சின்னப் பையன்" என்கிறார் அத்தான். முப்பத்து நாலு வயசுச் சின்னப் பையன்!

நீது

லீட்ஸ்
28 ஜூலை 2024

அக்கா,

நீ சொன்னதுதான் நடந்தது. நெய் மஞ்சளாக மேலே மிதந்தது. நுரையே இல்லை. பாட்டிலில் அடைத்து ரெண்டு வாரத்தில் காறல் வாடை. பத்தையும் சிங்கில் ஊற்றிவிட்டேன்.

தின்னவில்லை அக்கா. ஸ்பூனில் எடுத்து வாய்வரைக்கும் கொண்டுபோனேன். முடியவில்லை. அதைத் தின்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அது முன்னால் இருந்தது. எதிலாவது கரைந்து போகட்டும் என்றுதான் போட்டேன். பேர் ஒட்டப் போகிறேன் என்று எழுதியதெல்லாம் சும்மா.

பாஸ்போர்ட் என் கையில்தான் இருந்தது. மேஜை டிராயரில். ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் அம்மையைக் காட்டினாயே, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. நேரில் வந்து அந்த முகத்தைப் பார்க்கப் பயந்துவிட்டேன். நாளைக்கு டிக்கெட் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று ஒன்பது நாள் தள்ளினேன். பத்தாம் நாள் நீ போன் செய்தாய்.

உன் பாட்டிலிலிருந்து ஒரே ஒரு ஸ்பூன் அனுப்புவாயா? இந்தத் தடவை தின்றுவிடுகிறேன்.

கிரீஷ்

சாலை
18 ஆகஸ்ட் 2024

மக்கா கிரீஷ்,

பாஸ்போர்ட் விஷயம் எனக்கு அப்போதே தெரியும். அம்மைக்கும் தெரியும். "விசா கிடைச்சாச்சு அம்மே, பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டு" என்று நீ அவளிடம் போனில் குதித்தது, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததுக்கு முந்தின வாரம்தானே. நீ மறந்துவிட்டாய். அவள் மறக்கவில்லை. ஆனாலும் பார்க்க வந்த ஒவ்வொருத்தரிடமும், மூச்சு வாங்க வாங்க, "பிள்ளைக்க பாஸ்போர்ட் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு, அங்க கெடந்து துடிக்கான்" என்று சொன்னாள். நான் வாயைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

ஒரு ஸ்பூனுக்கு நான் எங்கே போவேன்? இருந்ததே ஒரு பாட்டில்தான். ஒன்றுதான் என்று சொன்னால் நீ பாதியைத் திருப்பி அனுப்புவாய் என்று ரெண்டு என்று எழுதினேன். மூடியில் அம்மை தன் கையால் உன் பேரை எழுதி ஒட்டியிருந்தாள். அதனால் நானும் அதைத் தொட்டதில்லை.

அம்மை உன்னைப் பொறுத்துக்கொண்டாள். நான் அம்மை இல்லை, கேட்டியா. எனக்கு இன்னும் பொறுக்க ஆகவில்லை.

அக்டோபர் ஆறாம் தேதி திருவல்லத்து ஆற்றங்கரையில் அம்மைக்கு ஆண்டுபலி, முதல் வருஷத் திதி. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன் கைலாஷ்தான், பலியும் அவனே போடுவான். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்தில் ஒரு பாட்டிலாவது ஊற்றாமல் விட்டுவைத்திருக்கிறாயா? கெட்டுப்போயிருந்தாலும் சரி. திறந்து மோந்து பார்த்து, அம்மை போட்ட ஏலக்காய் மணம் இருக்கா என்று மட்டும் எழுது.

நீது

லீட்ஸ்
1 செப்டம்பர் 2024

அக்கா,

இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஏலக்காய் மணம் இருந்தது. ஊற்ற ஊற்ற, காறல் வாடைக்கு அடியில் ஏலக்காயும் சுக்கும் வந்தது. அம்மை அடுப்படியில் நிற்கிற மாதிரியே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வரக்கூடாது என்றால் நேரே திருவல்லம் போய்விடுகிறேன். பலி கைலாஷே போடட்டும். அவன் பின்னால் ஈர வேட்டியோடு நிற்க விட்டால் போதும்.

கிரீஷ்