மாமன் நீட்டப்போகும் வெற்றிலை

வலியசாலை, திருவனந்தபுரம்
கார்த்திகை 6, 1956

சிரஞ்சீவி கோலப்பனுக்கு அம்மா எழுதுவது. முத்தாரம்மன் தயவில் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் இருமல்தான் விட்டபாடில்லை. பம்பாய்ச் சாப்பாட்டில் நீ மெலிந்துதான் போயிருப்பாய், மறைக்காமல் எழுது.

போன செவ்வாய்க்கிழமை பூதப்பாண்டியிலிருந்து உன் மாமா பகவதிப்பெருமாள் வந்தான், கையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு. என் தம்பி இந்த வாசலை மிதித்தது இரண்டு வருஷத்துக்குப் பிறகு. நம் சொர்ணத்தை அவன் மகனுக்குக் கேட்டு நான் போனபோது, மலையாளத்துல போய்க் கெடந்து நீங்க பாதி மலையாளத்தான் ஆயாச்சுக்கா, ஒங்க பொண்ணை எடுத்தா நம்ம சாதிசனம் சிரிக்கும் என்றானே, மறந்திருக்க மாட்டாய். அப்பா சாலைக் கடைவீதியில் கணக்கெழுத வந்ததில் நம் சாதி எங்கே தேய்ந்துபோயிற்று? அவன் தோப்புத் தேங்காயும் இங்கேதானே விலைக்கு வருகிறது. சொர்ணம் அன்றைக்கு அழுதது என் காதைவிட்டு இன்னும் போகவில்லை. போன மாதம் எல்லை பிரித்து அவன் ஊர் மதராஸோடு போனபிறகு, அக்கா அயல்நாட்டுக்காரி ஆனாள் என்றே நினைத்திருப்பான்.

இப்போது அவன் மகள் பொன்னம்மைக்கு நாகர்கோவிலில் பெரிய இடம். அவர்கள் வழக்கம் தப்பாதவர்கள். அத்தை மகன் நீ முறைமாப்பிள்ளை இருக்கிறாய், நீ வெற்றிலை வாங்கி உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்களாம். பார்த்தாயா, பெண் எடுக்க நாம் மலையாளத்தான், விட்டுக்கொடுக்க மட்டும் சாதிக்காரன். மகனுக்குப் பதிலா நீயே வாங்கிக்கோக்கா என்று அடுக்களை வரைக்கும் வந்து கெஞ்சினான். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. காப்பி கொடுத்தேன், தாம்பாளத்தைத் தொடவில்லை. பந்தலில் ஊரார் முன்னால், இவன் என் அக்கா மகன், நம்ம சாதிக்காரன் என்று சொல்லி உன் கையில் நீட்டட்டும் என்றேன். கல்யாணம் நின்னு போகும்க்கா என்றான். நிற்கட்டும் என்றேன். பொன்னம்மை முகம் கண்முன் வந்தது, மனதை இறுக்கிக்கொண்டேன். சொர்ணம்கூட, விடும்மா என்கிறாள். அவளால் முடியும். கூடப் பிறந்த என்னால் ஆகாது.

நேற்று ஆள் அனுப்பியிருக்கிறான், சம்மதமாம். முகூர்த்தம் கார்த்திகை இருபத்தெட்டு. லீவு சொல்லிவிட்டு வந்துவிடு. பம்பாய் கால்சட்டை வேண்டாம், கரை வைத்த மலையாள முண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதை உடுத்தே பந்தலில் நில்.

ரயிலில் பெட்டியைப் பார்த்துக்கொள். தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இரு. ஒன்று மறக்காதே. அவன் வெற்றிலையை நீட்டியதும் வாங்கிவிடாதே. காதில் விழாத மாதிரி, என்ன சொன்னிய மாமா என்று கேட்டு, இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வை. முதல் தடவை எனக்கு. இரண்டாவது சொர்ணத்துக்கு.

உன் அம்மா
முத்தாரம்மாள்