நாற்பதுக்கு வைத்த மிளகாய்

07.07.2025
புருசனை இழந்து இத்தாவில் இருக்கிறவள் நாலு மாதம் பத்து நாள் வெளியில் போகக்கூடாது. மருமகள் ஷமீலா ஒரு கொப்பி தந்தாள். "எழுதுங்கோ மாமி, மனம் ஆறும்." ஐஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஆறட்டும், பார்ப்பம்.

நஜீம் மௌத்தாகி நாலு நாள். அன்று விடியத் தோட்டத்தில் பச்சை மிளகாய் பிடுங்கி வந்து, அரைச் சாக்கைக் குசினி வாசலில் இறக்கினார். நெஞ்சு அடைக்குது என்றார். அவ்வளவுதான்.

அந்த மிளகாயில்தான் அவருடைய நாற்பதாம் நாள் ஓதிச் சாப்பாடு குடுக்கிற கத்தத்துக்குச் சம்பல் இடிக்கவேணும். வேறு ஒன்றும் கேட்கேல்லை நான்.

08.07
சாக்கைக் காணேல்லை. மூன்று பொலித்தீன் பை இருக்குது, வாய் இறுக்கிக் கட்டினபடி. அவருடைய தங்கச்சி றிஸ்மியாவின் வேலை.

"மருந்தடிச்ச மிளகாய் மதினி. அதுதான் நல்லாக் கழுவி வைச்சனான்."

மையத்தைக் குளிப்பாட்டின வீட்டில் மிளகாயும் குளிச்சிட்டுது. ஈரத்தோட கட்டி வைச்சிருக்கிறா, மகாராணி. உள்ளே வேர்த்து, பாதி கூழ்.

அவர் கழுவவே விடமாட்டார். விற்கிறதுக்குக் காம்போடு, வீட்டுக்குக் காம்பு கிள்ளி, துணியால் துடைத்து, பேப்பரில் சுற்றி. தங்கச்சிக்கு மட்டும் சொல்லிக் குடுக்கேல்லைப் போல.

12.07
நல்லதைத் துடைத்துப் பிரிட்ஜில் வைத்தேன். தினமும் பிரித்துப் பார்க்கிறேன். சுருங்கினது கெட்டதில்லை. சிவந்ததும் கெட்டதில்லை. காம்படி கறுத்து, தொட்டால் வழுக்கினால் முடிஞ்சுது. சிலது வெளியில் பளபளக்கும், பிளந்தால் விதை கறுப்பு.

பக்கத்து வீட்டுச் சபூறாவும் வந்து தினமும் என்னைப் பார்க்கிறா. முதல் நாள் "இப்பிடி அழக்கூடாது" என்றா. இன்றைக்கு "கண்ணில ஒரு சொட்டும் இல்லையே" என்றா. எவ்வளவு அழவேணும் எண்டு ஒரு அளவுச் சுண்டு தந்தால் நல்லது.

19.07
பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. வேறென்ன.

27.07
மிச்சம் ஒன்பது மிளகாய்.

றிஸ்மியா வந்தவள். நான் முகம் குடுக்கேல்லை. "மதினி, கோவமோ?" இல்லையம்மா, சந்தோசம்.

05.08
கடைசி ஒன்று. வெளியில் பளபளப்பு. பிளந்தேன். கறுப்பு.

நாற்பதுக்கு ஆறு நாள் இருக்கு. இனிக் கடையில வாங்கி இடிக்கிறதே? யாற்ற கை பட்டதோ அது. ஏன் நான் அந்த நாளே எழும்பிப் போய் அதைப் பார்க்கேல்லை?

11.08
கத்தம் முடிந்தது.

விடிய முதல் ஆளாய் றிஸ்மியா வந்தாள். கைப்பைக்குள் பேப்பர்ச் சுருள். பிரித்தாள். சிவந்து சுருங்கின மிளகாய், இரண்டு கைப்பிடி. காம்பு இல்லை.

"கழுவ முதல் எடுத்தனான். சொல்லாமல் எடுத்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ மதினி. என்ர நானா தன்ர கையால பிடுங்கினதெல்லே... எனக்கும் கொஞ்சம் வேணும்போல இருந்தது."

ஒன்றைப் பிளந்தேன். விதை வெள்ளை.

உரலை இழுத்து வைத்தேன். அவள் தேங்காய் துருவினாள்.

சரியான உறைப்பு. வந்தவர்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துச் சாப்பிட்டார்கள். சபூறாவுக்குத்தான் ஆகக் கூட உறைச்சது. எங்கள் இருவருடைய கண்ணையும் பார்த்து, "உங்களுக்கும் உறைச்சுப்போச்சோ" என்று தண்ணீர் நீட்டினா.

நானும் றிஸ்மியாவும் அப்போது சாப்பிடத் தொடங்கவே இல்லை.