புதன்கிழமை விரதம்

என் அன்பு மாமி,

வருகிற மாதத்தோடு நீங்கள் கண்மூடி ஒரு வருசம். எங்கள் சல்லி ஊரில் இன்னும் கடலுக்குப் போகத் தடைதான். கரையில் இழுத்து வைத்த தோணியை உங்கள் மகன் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வேறு என்ன செய்வார்? நிவாரண அரிசி வந்தால் சோறு, மா வந்தால் ரொட்டி.

உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

நான் பிள்ளை பெற்றிருந்த நாட்களிலும் இப்படித்தான் ஒரு தடை. நீங்கள் முதலில் வெள்ளி விரதம் பிடித்தீர்கள். பிறகு செவ்வாய், பிறகு சனி. வெறும் தேத்தண்ணியோடு உங்கள் பொழுது போகும். எனக்கோ எரிச்சல். "மாமி, உங்கட விரதத்தால அம்மாளாச்சிக்கே அலுத்துப்போகும்" என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. "நீ சாப்பிடு பிள்ளை, பச்சை உடம்புக்காரி" என்று என் தட்டில் இன்னும் ஓர் அகப்பை போட்டீர்கள். நானும் சாப்பிட்டேன்.

நீங்கள் போன பிறகு ஒரு மத்தியானம், பானையில் இரண்டு பேருக்குத்தான் சோறு இருந்தது. "நீ சாப்பிடேல்லையோ?" என்று அவர் கேட்டார். "எனக்கு இண்டைக்கு விரதம்" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, உங்கள் முகம் வந்து நின்றது. ஐயோ மாமி, அத்தனை விரதமும் இதற்குத்தானா? குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

விளங்கிய பிறகாவது திருந்தினேனா? இல்லை. வெள்ளி, செவ்வாய், சனி என்று நானும் பிடித்தேன். கெட்டிக்காரி என்றுகூட என்னை நினைத்துக்கொண்டேன்.

நேற்று உங்கள் பேத்தி தட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ அம்மா. எனக்கு விரதம்."

"புதன்கிழமை என்னடி விரதம்?"

"விரத நாளெல்லாம் நீங்கள்தானே எடுத்திட்டீங்கள்."

ஒன்பது வயது, மாமி! அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். இனி இந்த வீட்டில் சோறு போதாவிட்டால், காணாது என்றே சொல்லுவோம். இருப்பதை மூன்றாகப் போட்டு ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். நேற்றே தொடங்கிவிட்டோம். ஒருவருக்கும் வயிறு நிரம்பவில்லை, அதுவும் உண்மைதான்.

உங்கள் திவசத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதைச் சமைப்பேன். முதல் அகப்பை உங்கள் இலைக்கு. அன்றைக்காவது விரதம் என்று சொல்லிவிடாதீர்கள், மாமி.

உங்கள் பங்கையும் சாப்பிட்டுவிட்டு உங்களோடு கொழுவிச் சண்டை பிடித்த
உங்கள் மருமகள்