குடை ஆணி

8 ஜூலை 1968, திங்கள். தூறல்.

"அது என் யோசனை" என்று சொல்லவில்லை. மூன்றே சொல். நாக்கு வரை வந்தது.

காலை பத்து மணிக்கு வசந்தாவின் அம்மா சரசா பாலர் வகுப்புக்குள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் விடும் நேரம், வசந்தா சுரங்கத்து கேட்டில் தனியாக நின்றிருக்கிறாள். நாலரை வயது. கையில் எங்கள் வகுப்புப் பலகையின் குடைப் படம் போட்ட அட்டை. அதை வாட்ச்மேனிடம் நீட்டி, "எங்கப்பா டோக்கன். இத்த வாங்கிக்கினு அவர மேல வுடுங்க" என்றாளாம்.

அப்பா பிப்ரவரியில் சுரங்கத்தில் பாறை வெடித்து இறந்துபோனவர்.

"இன்னா டீச்சர், வெளாட வேற ஒண்ணுமே கெடைக்கலியா? யாரு கத்துக் குடுத்தது இத்த?"

பெரிய டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ஆயா ரோசம்மாவைப் பார்த்தார். "சுரங்கத்து லைன் வீட்டு வழக்கத்தையெல்லாம் நீதானே இங்கே கொண்டு வருவே?"

ரோசம்மா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் கீழே கிடந்த சாக்பீஸைப் பொறுக்கினேன்.

9 செவ்வாய். காற்று.

வாங்க வேண்டியது: கோந்து, கலர் காகிதம், அம்மாவுக்குத் தைலம்.

சுரங்கத்தில் இறங்குகிறவர் பலகையிலிருந்து டோக்கன் எடுத்துப் போவார்; ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவார். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே. அதையே வகுப்பில் வைத்தேன். வந்ததும் அட்டையை எடு, போகும்போது உன் ஆணியில் மாட்டு. மீன், சேவல், பூட்டு, குடை. எழுத்து தெரியாத பிள்ளை தன் படத்தைத் தேடும், முறைக்குக் காத்திருக்கும், எண்ணும். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்து அடிக்கோடு போட்டவள் நான். அந்த உலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. என் அப்பா ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் வீட்டில் யாரும் இறங்கியதில்லை.

சனியன்று குடை திரும்பாததையும் கவனிக்கவில்லை.

இன்னொன்று. எழுதவே வெட்கம். அப்பா போனதிலிருந்து வசந்தா பேசவில்லை. வகுப்பில் முதலில் மூலை. பிறகு மணலில் கை வைத்தாள். போன மாதம் பாட்டுக்கு உதடு அசைந்தது. கேட்டில் சொன்னதுதான் முதல் பேச்சு. சரசா அழுதுகொண்டே அதைச் சொன்னபோது, உள்ளே ஓர் ஓரத்தில் எனக்குச் சந்தோஷம்.

11 வியாழன்.

வசந்தா நான்கு நாளாக வரவில்லை. சரசா விடியும்போதே பங்களா வேலைக்குப் போகிறவள். பிள்ளையைக் கை பிடித்து அழைத்து வந்தது பக்கத்து வீட்டு ரோசம்மாதான். இப்போது சரசாவுக்கும் அவளுக்கும் பேச்சில்லை.

"உள்ள வெச்சிப் பூட்டிக்கினு போறா டீச்சர். ஜன்னல்ல பன்னு குடுத்தா வாங்கமாட்டேங்குது."

நான் தலையைக் குனிந்தேன்.

"வுடுங்க. நீங்க சொன்னா உங்க வேல பூடும். எனக்கு வெறும் திட்டுதானே? எங்க வூட்டுக்காரு கிட்ட வாங்காததா!" சிரித்தாள். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

12 வெள்ளி. மழை.

என் யோசனைதான் என்று பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பேனாவை வைக்காமலே, "பலகையை இறக்கிடு. மத்தது இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்" என்றார். அவ்வளவுதான். இதற்கா ஐந்து நாள்?

சரசாவிடமும் இன்றே போயிருக்கலாம். மழை என்று சொல்லிக்கொண்டேன்.

13 சனி. வெயில்.

பள்ளி தொடங்குமுன் சரசா வீட்டுக்குப் போனேன். பூட்டு. இந்த முறை உள்ளே யாரும் இல்லை. காலை ரயிலில் பங்காருபேட்டை போய், அங்கிருந்து குடியாத்தம். வசந்தாவைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவரப் போயிருக்கிறாள் சரசா. ரோசம்மா சொன்னாள். அந்தப் பக்கம் பாலர் வகுப்பு கிடையாதாம். அட்டையைப் பிடுங்கினால் அழுகிறாள் என்று கையிலேயே விட்டுவிட்டார்கள்.

மதியம் பலகையை இறக்கினேன். பத்தொன்பது ஆணி, பதினெட்டு அட்டை.